இரண்டு 82 சென்டிமீட்டர்: நீலகிரியின் சரிவுகளும் அவற்றைத் தேடி வராத நிதியும்

2009 நவம்பர் 10ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நீலகிரியின் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. பத்து ஆண்டுகள் கழித்து, 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி, அதே மாவட்டத்தின் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. முதல் மழையில் மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. இரண்டாவது மழை பல நாள்கள் நீடித்தும், அவலாஞ்சி, எமரால்டு பகுதிகளில் சரிவுகள் ஏராளமாக நிகழ்ந்தும், உயிரிழப்பு அதனுடன் ஒப்பிட மிகக் குறைவாகவே இருந்தது.

ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவலாஞ்சி தென்மேற்குப் பருவமழையை ஆண்டுதோறும் நேராக வாங்கிப் பழகிய குந்தா வனப்பகுதி. அங்கே சோலையும் புல்வெளியும் மின்வாரியத்தின் நீர்த்தேக்கங்களும் இருக்கின்றன, குடியிருப்புகள் சொற்பம். கேத்திப் பள்ளத்தாக்கோ வடகிழக்குப் பருவத்தின் மழைக்கு உட்பட்டது. ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களும், காய்கறித் தோட்டங்களும், தேயிலையும், அடுக்கடுக்காக எழுந்த வீடுகளும் நிறைந்தது. ஆனால் இந்த வேறுபாடுதான் இங்கு ஆராயப்படும் பொருளும்கூட. மழையின் அளவு ஒன்றாக இருக்க, இழப்பின் அளவு வேறாவதற்குக் காரணம் சரிவின் மேல் மனிதர் செய்துவைத்த வேலைகள் என்றால், அந்த வேலைகளைத் திருத்தும் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, ஏன் வருவதில்லை என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலை நகராட்சி ஒன்றின் பொறியியல் பிரிவில் பல ஆண்டுகள் மதிப்பீடு தயாரித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சரிவு எப்படி உருவாகிறது

நீலகிரியின் அடித்தளம் சார்னோகைட் என்னும் கடினப் பாறை. அதன் மேல், நெடுங்காலச் சிதைவால் உண்டான செம்மண் போர்வை கிடக்கிறது. சில இடங்களில் அது பல மீட்டர் ஆழம் கொண்டது. இந்த மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதனால்தான் மனை வெட்டுகிறவர்கள் துணிகிறார்கள். மழைநீர் உள்ளே இறங்கி மண் துகள்களுக்கு இடையே அழுத்தம் ஏறும்போது, அதே மண் தன் பிடியை இழந்து, பாறைக்கும் மண்ணுக்கும் இடையிலான ஈரப்பரப்பில் வழுக்கிக் கீழே வருகிறது. மேலே ஒரு வீட்டின் கழிவறைக் குழியிலிருந்து கசியும் நீர், தூர்ந்துபோன ஓரக் கால்வாய், சாலைக்கு அடியில் மண் அடைத்துக் கிடக்கும் சிறுபாலம், சரிவின் அடிப்பகுதியில் பொக்லைன் வைத்து வெட்டிய மனை ஆகிய நான்கும் சேர்ந்தால் 82 சென்டிமீட்டர் தேவையில்லை; இரண்டு நாள் தொடர்ந்து பெய்யும் சாதாரண ஐப்பசி மழையே போதும். மழையே இல்லாமலும் நடக்கும். 2024 பிப்ரவரியில், மழைக்காலம் கழிந்த பின், லவ்டேல் அருகே கட்டுமானப் பணியின்போது மண் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

எனவே, சரிவைத் தடுப்பது பெரும்பாலும் நீரின் வழியைச் சீர்செய்யும் வேலை. இது புதிய அறிவு அல்ல. மண், நீர்ப் பாதுகாப்புக்கான மத்திய ஆராய்ச்சி மையம் உதகையில் 1954 முதல் இயங்கிவருகிறது. சரிவின் குறுக்கே சமமட்ட வாய்க்கால், நீரைப் பாறை ஓடைக்குக் கொண்டுசேர்க்கும் படிக்கட்டு வடிகால், புல் வகைகள் என்று எல்லாம் பலமுறை சொல்லப்பட்டவை. தடுப்புச் சுவரும் வேண்டியதுதான். ஆனால் சுவருக்குப் பின்னால் வடிகட்டும் கல் நிரப்பு இல்லாமலோ, கொத்தனார்கள் வீப் ஹோல் என்று சொல்லும் துளைகள் அடைபட்டோ இருந்தால், அந்தச் சுவர் நீரைத் தேக்கும் சிறு அணையாக மாறி, தன் எடையையும் சேர்த்துக்கொண்டு விழுகிறது.

பணம் எந்த வழியில் வருகிறது

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இரண்டு வகை நிதிகளை வேறுபடுத்துகிறது. ஒன்று பேரிடர் நிகழ்ந்த பின் செலவிடுவதற்கான பதிலளிப்பு நிதி. மற்றது நிகழாமல் தடுப்பதற்கான தணிப்பு நிதி. இவ்விரண்டையும் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் அமைக்க வேண்டும் என்று சட்டத்தின் 48ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் தணிப்பு நிதிக்கு உண்மையான தொகை கிடைத்தது, மத்திய, மாநில அரசுகளுக்கிடையே நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் நிதிக் குழுக்களில் 15ஆவது குழுவின் பரிந்துரைக்குப் பிறகுதான். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 1,60,153 கோடி ரூபாய் என்று அக்குழு கணக்கிட்டு, அதில் 80 விழுக்காட்டைப் பதிலளிப்புக்கும் 20 விழுக்காட்டைத் தணிப்புக்கும் பிரித்தது. 2023–24இல் தமிழ்நாட்டின் பதிலளிப்பு நிதிக்கு மத்திய அரசின் பங்கு 900 கோடி, மாநிலத்தின் பங்கு 300 கோடி. 80:20 என்ற பிரிவின்படி பார்த்தால் தணிப்புக்கு ஏறத்தாழ 300 கோடி வருகிறது. 38 மாவட்டங்களுக்கு ஓர் ஆண்டுக்கு 300 கோடி. கடற்கரையின் புயலும் டெல்டாவின் வெள்ளமும் தென்மாவட்டங்களின் வறட்சியும் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

மாநிலங்களுக்கு எவ்வளவு என்று முடிவுசெய்ய அக்குழு பயன்படுத்திய இடர் குறியீட்டைப் பார்த்தால் நம் மலையின் இடம் தெளிவாகத் தெரியும். நூறு மதிப்பெண்ணில் வெள்ளத்துக்கு 15, வறட்சிக்கு 15, புயலுக்கு 15, நிலநடுக்கத்துக்கு 15, வறுமையைக் கொண்டு அளக்கும் பாதிப்புறு நிலைக்கு 30. மீதமுள்ள 10, ‘பிற’ இடர்களுக்கு. நிலச்சரிவு அந்தப் பிறவற்றில் ஒன்று.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் இந்நிதியில் மத்திய அரசு 90 விழுக்காடு தருகிறது. மற்ற மாநிலங்களுக்கு 75. தேசியத் தணிப்பு நிதிக்குள் நிலநடுக்க, நிலச்சரிவு இடர்களுக்கென 15ஆவது நிதிக் குழு தனியாக ஒதுக்கச் சொன்ன 750 கோடியும் 10 மலை மாநிலங்களுக்குரியது. தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல. அதே நிதிக்குள் நகர வெள்ளத்துக்காக 7 பெருநகரங்களுக்கு 2,500 கோடி ஒதுக்கப்பட்டது. அதன்படி சென்னைக்கு 561.29 கோடி ரூபாய்த் திட்டம் 2023 டிசம்பரில், புயல் மழை வடிந்துகொண்டிருந்த அந்த வாரத்திலேயே, ஒப்புதல் பெற்றது. சென்னைக்கு அது தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடற்கரைக்கும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின், தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் உள்ளடக்கிய பேரிடர்த் தணிப்புத் திட்டம் ஒன்றுக்கு உலக வங்கி 2013இல் 23.6 கோடி டாலர் கடன் வழங்கியது. நம் மாநிலத்தின் பேரிடர் நினைவு கடலை நோக்கியே அமைந்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

மாவட்டத்தை மலையாக ஏற்றுக்கொண்ட ஒரு திட்டம் முன்பு இருந்தது. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில், ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1975–76 முதல் நீலகிரி முழுவதும் அதில் சேர்க்கப்பட்டது. ஒரு மாநிலம் சமவெளியாக இருந்தாலும் அதற்குள் ஒரு மாவட்டம் மலையாக இருக்கலாம், அதற்குத் தனிக் கணக்கு வேண்டும் என்ற எளிய புரிதலின் மேல் எழுந்த திட்டம் அது. தடுப்பணை, சரிவு வடிகால், ஓடைக் கரை, காடு வளர்ப்பு என்று பெரிய அறிவிப்பு எதற்கும் தகுதியில்லாத வேலைகளுக்கு அதில் இடம் இருந்தது. பழனி மலை போன்ற பகுதிகளுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் அதன் உடன்பிறப்பு இயங்கியது. மத்திய நிதிப் பகிர்வு முறை மாறிய 2015–16இல் இரண்டுக்கும் மத்திய உதவி நின்றது. மாநிலத் திட்டக் குழு வழியாகச் சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று மாநில அரசு தன் பணத்தில் ஒரு தொடர்ச்சியை உண்டாக்கியது பாராட்டத்தக்கது. ஆயினும் நாற்பது ஆண்டு நிலையாக வந்த ஒரு கணக்குத் தலைப்பின் இடத்தை அது முழுதாக நிரப்பியதாக நான் கருதவில்லை.

நிவாரண விதிகளுக்குள்ளும் மலை ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. 2022–26 விதிகளின்படி, முற்றிலும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். குன்னூரில் செங்கலையும் மணலையும் கொண்டைஊசி வளைவுகள் தாண்டி ஏற்றி வர எவ்வளவு ஆகும் என்று அறிந்தவர்களுக்கு அந்தப் பத்தாயிரத்தின் பொருள் விளங்கும்.

ஒரு சரிவின் கதை

இனி நான் நேரில் கண்ட சரிவுக்கு வருகிறேன். ஊரின் பெயரும் அலுவலகத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை, இடையில் மூன்று வரிசை வீடுகள். வீடுகளில் பெரும்பாலானவை, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, முதலில் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இருந்து, பிறகு கிடைத்த சரிவில் குடியேறிய குடும்பங்களுக்குச் சொந்தமானவை. ஒரு கார்த்திகை மாத இரவில் நடு வரிசைக்கு மேலிருந்த தடுப்புச் சுவர் விழுந்தது. நல்லவேளையாக, மண் ஒரு சமையலறைக்குள் புகுந்து நின்றுவிட்டது.

சுவருக்கான மதிப்பீடு மூன்று நாளில் தயாரானது. நிர்வாக ஒப்புதலும் விரைந்து வந்தது. விழுந்தது சுவர், ஆகவே சேதமடைந்த சொத்து சுவர், ஆகவே நிதியின் விதிப்படி மீண்டும் கட்டத்தக்கதும் சுவர். மேல் சாலையின் ஓரக் கால்வாய் ஒரு வளைவில் முடிந்து, நீர் முழுவதும் அந்தச் சுவரின் முதுகில் இறங்குவதை இளநிலைப் பொறியாளர் முதல் கங்காணி வரை எல்லோரும் கண்டிருந்தோம். கால்வாயை நீட்டி, படிக்கட்டு வடிகாலாக இறக்கி, கீழ்ச்சாலையின் சிறுபாலம் வரை கொண்டுசெல்லும் ஒரு மதிப்பீட்டையும் சேர்த்தே அனுப்பினேன். அது திரும்பி வந்தது. இல்லாத ஒன்று எப்படிச் சேதமடைந்திருக்க முடியும் என்பது அதன் மேல் எழுதப்பட்ட குறிப்பின் சாரம். விதியின்படி அந்தக் கேள்வியில் பிழையில்லை.

அடுத்து வேறு தலைப்புகளில் முயன்றோம். 15ஆவது நிதிக் குழு நகராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுண்டிருந்தது; எஞ்சிய 40 விழுக்காட்டுக்குத் தெருவிளக்கு முதல் சாலைப் பள்ளம் வரை வரிசையில் நின்றன. சொத்து வரியை நம்பலாம் என்றால், மலை நகராட்சியின் வரிவருவாய் சிறியது, செலவோ வந்துபோகிறவர்களையும் சேர்த்து. 2011 கணக்கெடுப்பின்படி உதகமண்டலம் நகராட்சியின் மக்கள்தொகை 88,430; மானியப் பகிர்வு முதன்மையாக இத்தகைய எண்களைத்தான் பார்க்கிறது. மாவட்டத்துக்குள் வார நாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் வரம்பு வைக்க வேண்டிய அளவுக்குச் சுமை இருக்கிறது. அந்த வாகனங்களின் எடையைச் சுமக்கும் சாலைக்கும், விடுதிகளின் கழிவுநீரைக் குடிக்கும் சரிவுக்கும் எந்த எண்ணிக்கையிலும் இடமில்லை. மாவட்டத்துக்குள் நுழைய வெளியூர் வாகனங்கள் பெற வேண்டிய இ-பாஸ் வாகனங்களை எண்ணுகிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. சிறு தொகை ஒன்றை வாங்கி வடிகாலுக்கென்றே ஒதுக்கலாமே என்று பலமுறை தோன்றியதுண்டு.

நடு வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், புதுச் சுவரின் அடித்தளம் தோண்டும்போது என்னிடம் கேட்டார்: “சுவர் கெட்டியாத்தான் இருக்கும் தம்பி. தண்ணிய எங்க போகச் சொல்லியிருக்கீங்க?”

திட்டமிடவும் பணம் வேண்டும்

வடிகால் மதிப்பீடு திரும்பியதற்கு விதி மட்டும் காரணம் அல்ல. அந்தச் சரிவில் நீர் எவ்வளவு, மண்ணின் ஆழம் எவ்வளவு, எத்தனை வீடுகள் ஆபத்தில், வடிகால் இல்லையெனில் இழப்பு என்ன என்பதை நிறுவும் ஆவணம் எங்களிடம் இல்லை. நன்கு எழுதப்பட்ட திட்ட அறிக்கை இருந்திருந்தால் வேறு வாசலில் தட்டியிருக்கலாம். இங்கேதான் சிறு நகரங்கள் தோற்கின்றன. தணிப்பு நிதிக்கு விண்ணப்பிக்க விரிவான திட்ட அறிக்கை வேண்டும். அதற்கு மண் துளையிட்டுச் சோதிக்கவும் நில அளவை செய்யவும் பணம் வேண்டும். அந்தப் பணம் தணிப்பு நிதி கிடைத்தால்தான் உண்டு. பெருநகரம் தன் கையிலிருந்து ஆலோசகரை அமர்த்திக்கொள்ளும். நகராட்சியில் ஒரே பொறியாளர் குடிநீரையும் குப்பையையும் கோடை விழாவையும் சேர்த்துப் பார்க்கிறார்.

வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் தேசிய நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் 1:50,000 அளவில் உள்ளது. மாவட்டத்தில் எந்தப் பகுதி கவலைக்குரியது என்று அறிய அது சிறந்த கருவி. ஆனால் அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர்; நான் சொன்ன சரிவும் அதன் மூன்று வரிசை வீடுகளும் இரண்டு சாலைகளும் சேர்ந்து ஒரு விரல்நுனிக்குள் மறைந்துவிடும். எந்த வீட்டின் மேல் வடிகால் வேண்டும் என்று முடிவெடுக்க வார்டு அளவிலான வரைபடம் தேவை. மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயப் பகுதிகளாக இனம்கண்டு, பருவமழைக்கு முன் மண்டலக் குழுக்களை அமர்த்துகிறது. அந்தப் பட்டியல் மக்களை வெளியேற்றப் பயன்படுகிறது. முதலீட்டு வரிசையாக அது இன்னும் மாறவில்லை.

முன்னெச்சரிக்கையில் நீலகிரிக்கு உண்மையான முன்னேற்றம் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. டார்ஜிலிங்குடன் சேர்த்து நீலகிரியை முன்னோட்டக் களமாகக் கொண்டு வளர்க்கப்பட்ட நிலச்சரிவு முன்கணிப்பு முறை, 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தொடங்கப்பட்ட தேசிய முன்கணிப்பு மையத்தின் வழியாக மழைக்காலத்தில் நாள்தோறும் அறிக்கை தருகிறது. அந்த அறிக்கையைப் பார்த்து ஒரு குடும்பம் இரவோடு இரவாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம். சரிவு அங்கேயேதான் இருக்கும்.

2024 நவம்பரில் மத்திய அரசின் உயர்நிலைக் குழு 15 மாநிலங்களுக்கு 1,000 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய நிலச்சரிவு இடர்த் தணிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வயநாட்டில் சூரல்மலையும் முண்டக்கையும் அழிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. உத்தராகண்டுக்கும் இமாசலத்துக்கும் தலா 139 கோடி, மகாராஷ்டிரத்துக்கு 100 கோடி, கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தலா 72 கோடி, தமிழ்நாட்டுக்கும் மேற்கு வங்கத்துக்கும் தலா 50 கோடி. தமிழ்நாட்டின் 50 கோடிக்குள் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு எல்லாம் வரும். தொகை சிறிதுதான், ஆனால் நிலச்சரிவைப் பிறவற்றில் ஒன்றாகக் கொள்ளாமல் பெயர் சொல்லி வந்த பணம் அது. என்னிடம் கேட்டால், அதில் ஒரு பகுதியையேனும் சுவருக்குக் கொடுக்காமல் வார்டு வரைபடத்துக்கும் திட்ட அறிக்கைகளுக்கும் கொடுப்பேன். ஏனெனில் அறிக்கை தயாராக இருக்கும் ஊர்தான் அடுத்து வரும் எந்த நிதியையும் முதலில் பிடிக்கிறது. ஐந்தாண்டுக் கணக்கில் எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்ந்து மாநிலத் தணிப்பு நிதிக்கு வரும் ஏறத்தாழ 32,000 கோடியைப் பற்றி நிதிக் குழு சொன்னதும் இதற்கு இசைவானதே: கடற்சுவர், வெள்ளக்கரை போன்ற பெருங்கட்டுமானங்களுக்கு அதைத் தொடாமல், உள்ளூர் அளவில், மக்களோடு சேர்ந்து இடரைக் குறைக்கும் வேலைகளுக்குப் பயன்படுத்த வேண்டும் என்றது. படிக்கட்டு வடிகாலை விடப் பொருத்தமான வேலை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் யார் கேட்பது? 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் என்ற புதிய அமைப்புக்கு வழிசெய்தது. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சிகளுக்கும் அதை அமைக்கலாம். உதகை, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் ஆகியவை நகராட்சிகள். எனவே மலை நகரம் தன் திட்டத்தை மாவட்ட ஆணையத்தின் வழியாகவே மேலே அனுப்ப வேண்டும். அங்கே அது யானை விரட்டும் கோரிக்கையோடும் சாலைச் சீரமைப்போடும் போட்டியிட வேண்டும். மாநகராட்சி என்ற தகுதி மக்கள்தொகையையும் வருவாயையும் ஒட்டிக் கிடைப்பது. சரிவின் செங்குத்தையும் அளவுகோலாகச் சேர்த்து, அபாய மலை நகரங்களையும் அந்தப் பிரிவுக்குள் கொண்டுவருமாறு மாநில அரசு கோரலாம். அதுவரை, சட்டம் ஏற்கெனவே பெயரிட்டிருக்கும் மாவட்டத் தணிப்பு நிதிக்கு ஆண்டுதோறும் உறுதியான ஒரு தொகையை மாநிலத் தணிப்பு நிதியிலிருந்தே ஒதுக்கலாம். அதில் பராமரிப்புக்கும் ஒரு பங்கு கட்டாயம் வேண்டும். புரட்டாசியில் நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாராத வடிகால், எவ்வளவு செலவில் கட்டப்பட்டிருந்தாலும், ஐப்பசியில் இல்லாத வடிகாலுக்குச் சமம். ஆனால் தூர்வாருதல் மூலதனச் செலவு அல்ல என்பதால் எந்தத் தணிப்புத் திட்டத்திலும் அது எளிதில் நுழைவதில்லை.

நெடுஞ்சாலைத் துறை அண்மைக் காலத்தில் மலைச்சாலைகளின் ஓரம் இரும்புக் கம்பிகளை மண்ணில் ஆணிபோல் இறக்கி, வலை விரித்து, விதை தெளித்துச் சரிவுகளைக் கட்டுகிறது. சாலை அத்துறையின் சொத்து. ஆகவே சாலைக்குப் பணம் இருக்கிறது. வலை முடிகிற இடத்தில் பட்டா நிலம் தொடங்குகிறது.

நான் சொன்ன சரிவில் புதுச் சுவர் இன்றும் நிற்கிறது. வடிகாலை நகராட்சி கட்டவில்லை. மூன்று வரிசை வீட்டாரும் வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, சிமெண்டுக் குழாய் வாங்கி, மேல் சாலை வளைவிலிருந்து நடு வரிசை வரை நீரை இறக்கினார்கள். அங்கிருந்து கீழ்ச்சாலையின் சிறுபாலத்துக்குக் கொண்டுசெல்ல ஒரு தனியார் மனையையும் பிறகு வேறொரு துறையின் எல்லையையும் கடக்க வேண்டும். இப்போதைக்குக் குழாய் ஒரு கொய்யா மரத்தடியில் முடிகிறது.